விழுந்ததை மறைக்கலாமா?

செஞ்சி நகருக்கு வடக்கே சிறு தொலைவில் சிங்கவரம் குன்று அமைந்துள்ளது. பல்லவர் காலத்துக் குடைவரையில், பாறையோடு பாறையாகச் செதுக்கப்பெற்ற திருமேனியுடன் அரங்கநாதப் பெருமாள் அங்கே பள்ளி கொண்டருளுகிறார். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனுக்கு இப்பெருமாளே வழிபடு தெய்வம். 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்க்கப் புறப்படுமுன் அவன் சிங்கவரத்துக்கு வந்து விடை கேட்டான். பெருமாள் விடை தர மனமின்றித் திருமுகத்தைத் திருப்பிக்கொண்டார். குறிப்பைக் கண்டும் பொருட்படுத்தாமல் களம் புகுந்த அந்த இளைஞன் மீண்டு வரவில்லை. செஞ்சிப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு இது.

குறிப்பு கிடைத்தும் அதைப் பொருட்படுத்தாமல் விடுவது அரசர்க்கு மட்டும் உரிய பிழை அன்று. மனித உடலும் அவ்வாறே குறிப்புக் காட்டுகிறது. முதுமையில் அக்குறிப்பு மிக மெல்லியதாக வருகிறது. அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுவோர் பலர்.

ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் குன்றுக் கோயிலில் தரிசனம் முடித்து இறங்குகிறார். விளக்கெண்ணெய் சிந்திய படியில் கால் வழுக்குகிறது. பக்கச் சுவரில் தலை இடிக்கிறது. இரத்தம் வரவில்லை. சிறிய வீக்கம் மட்டுமே. யாரோ கைகொடுத்துத் தூக்கி விடுகிறார்கள். திருநீற்றை எடுத்து வீங்கிய இடத்தில் தடவிக்கொண்டு அவர் வீடு வந்து சேர்கிறார். மகனிடமோ மருமகளிடமோ ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால், 'இனிமேல் கோயிலுக்குத் தனியாகப் போக வேண்டாம்' என்று தடுத்துவிடுவார்களே என்ற அச்சம் அவருக்கு. இதயத்துக்காக அவர் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வகையைச் சேர்ந்தது என்பது அந்த வேளையில் அவர் நினைவுக்கே வருவதில்லை.

வீடுதோறும் நிகழக்கூடிய இந்தச் சிறு மறைப்பே பெருந்துன்பத்துக்கு வாயிலாகிறது.

மலையேற்றமும் விளையாட்டே

விளையாட்டு வீரர் என்றவுடன் ஓட்டப்பந்தயக்காரரும் பந்தாட்டக்காரருமே நினைவுக்கு வருவர். ஆனால், செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுள்ளது. அதன்மேல் உள்ள கமலக்கண்ணி அம்மனையும் உச்சியில் உள்ள அரங்கநாதரையும் நாடி ஏறும் முதியவரின் இதயமும் மூச்சும் தசைகளும் ஒரு விளையாட்டு வீரருக்கு நிகராகவே உழைக்கின்றன. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோரும், மேல்மலையனூர் அங்காளம்மனின் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்காக நள்ளிரவுக் கூட்டத்தில் நெடுநேரம் நிற்போரும் அவ்வாறே. இவர்களோடு காலையில் மிதிவண்டி ஓட்டுவோரையும், பூப்பந்து ஆடுவோரையும், முதியோர் ஓட்டப் போட்டிகளில் கலந்துகொள்வோரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் செஞ்சிக் கோட்டை, மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுதியில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தொகுதியின் 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. இந்தப் பெருமை, கோட்டையைக் காண வரும் மூத்தோரின் ஆவலையும் தூண்டும். அவர்கள் ஏறக்கூடாது என்று எவரும் சொல்லப் போவதில்லை. உடலை இயக்குவது இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மூட்டுக்கும் மனத்துக்கும் நலம் தருவது. அறிந்து ஏற வேண்டும் என்பதே இங்கு வேண்டுவது.

மாத்திரை எதற்காக?

இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை 'பிளட் தின்னர்' என்றும், இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை என்றும் மக்கள் வழங்குகின்றனர். உண்மையில் அவை இரத்தத்தில் நீரைக் கூட்டுவதில்லை. உறையும் வேகத்தைக் குறைக்கின்றன. இவற்றில் இரு பிரிவுகள் உள்ளன. வார்ஃபரின், அசினோகூமரால், அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகட்ரான் முதலியவை இரத்தத்தில் உள்ள உறைபொருள்களைத் தடுப்பவை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகியவை இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவை. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாம் பிரிவு மாத்திரைகள் தரப்படும்.

முதல் பிரிவு மாத்திரைகள் முதியோருக்குத் தரப்படுவதற்கு முதன்மையான காரணம், இதயத்தின் மேலறைகள் சீரின்றித் துடிக்கும் நோயாகும். மேலறை சீராகச் சுருங்காதபோது இரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி மூளைக்குச் சென்று குழாயை அடைத்தால் பக்கவாதம் ஏற்படும். இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதி. நெடுங்காலம் கடுமையாக உடலை வருத்திய விளையாட்டு வீரர்களிடமும் இந்நோய் காணப்படுகிறது. சுவீடன் நாட்டில் நடைபெறும் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தில் கலந்துகொண்டவர்களை ஆராய்ந்தபோது, மிகப் பலமுறை ஓடி முடித்தவர்களிடமே துடிப்புச் சீர்கேடு மிகுதியாக இருந்தது. ஆகவே, 'நான் நன்றாக ஓடியாடியவன், எனக்கு இதய மாத்திரை எதற்கு?' என்று எவரும் எண்ணிவிட முடியாது.

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள் மற்றொரு பெருங்கூட்டம். திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் பெயரால் விளங்கும் மருத்துவ நிறுவனம் நம் நாட்டிலேயே வால்வு ஒன்றை உருவாக்கி, 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. அதன்பின் பல்லாயிரவர் அவ்வால்வால் உயிர் வாழ்ந்து வருகின்றனர். உலோக வால்வு பெற்றவர்கள் வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் வகை மாத்திரையை உட்கொள்ள வேண்டும்.

இந்த வார்ஃபரின் பிறந்த கதை வியப்பானது. 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் மடிந்தன. 1933-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து உழவர் ஒருவர், இறந்த கிடாரியையும் உறையாத இரத்தம் நிறைந்த பால்பாத்திரத்தையும் கொண்டுவந்து அறிவியலாளரிடம் முறையிட்டார். கார்ல் பால் லிங்க் என்ற அந்த வேதியியலாளரின் ஆய்வுக்கூடம் அதற்குக் காரணமான பொருளைக் கண்டறிந்தது. அதன்வழி வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதர்க்கு மருந்தாகியது. மறு ஆண்டே மாரடைப்புக்கு ஆளான அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு அது தரப்பட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முன்னோர் மொழி. அளவோடு அமைந்தால் நஞ்சும் அமிர்தமாகும் என்பதற்கு இம்மருந்து சான்று.

ஓடும் கொப்பரையும்

அவ்வாறாயின் ஆபத்து எங்கே உள்ளது? அர்ச்சனைத் தட்டில் உள்ள தேங்காயே அதற்கு விளக்கம் தரும். இளந்தேங்காயில் பருப்பு ஓட்டோடு ஒட்டியிருக்கும். முற்றிக் காய்ந்த தேங்காயைக் காதருகே ஆட்டினால் கொப்பரை உள்ளே உருளும் ஓசை கேட்கும். மனித மூளையும் முதுமையில் சற்றே சுருங்குகிறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே இடைவெளி கூடுகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து அதன் வெளியுறைக்குச் செல்லும் மெல்லிய சிரைகள் அந்த இடைவெளியைத் தாண்டி இழுபட்டு நிற்கின்றன. தலை இடிபட்டால் மூளை அசைகிறது. இழுபட்ட சிரையில் சிறு கிழிசல் உண்டாகிறது. தலை எதிலும் மோதாமல் உடல் வேகமாகக் குலுங்கினாலும் சிலருக்கு இது நேரலாம்.

இளைஞருக்கு அக்கிழிசல் பெரும்பாலும் தானே உறைந்து அடைபட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கு அது கசிந்துகொண்டே இருக்கக்கூடும். மூளையின் வெளியுறைக்கு உள்ளே இவ்வாறு தேங்கும் இரத்தத்தை 'சப்டியூரல் ஹெமட்டோமா' என்று மருத்துவர் குறிப்பிடுவர். பெரிய குழாய் கிழிந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு இடர் வரும். சிறு சிரை கசிந்தால் அறிகுறி தோன்ற வாரங்கள் ஆகலாம். மூளை சுருங்கியதால் உண்டான அந்த இடைவெளியே தேங்கும் இரத்தத்துக்கு இடம் கொடுத்து, நோயை முதலில் மறைத்தும் வைக்கிறது. எனவேதான், 'விழுந்தபோது ஒன்றும் ஆகவில்லையே' என்ற ஆறுதல் முதியோருக்குப் போதுமானது அன்று.

வாரங்கள் கடந்து வந்த வலி

இதற்கு உலகறிந்த சான்றுகள் உண்டு. பிரேசில் அதிபர் லூலா 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 19 அன்று குளியலறையில் விழுந்து பின்தலையில் அடிபட்டார். தையல் போடப்பட்டது, வெளிநாட்டுப் பயணத்தைத் தவிர்த்து, பிறகு பணிகளைத் தொடர்ந்தார். ஏழு வாரங்கள் கடந்து டிசம்பர் 9 அன்று தலைவலி என்று மருத்துவரிடம் சென்றபோது, மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருப்பது தெரியவந்தது. உடனே சாவோ பாலோ நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு அறுவைச் சிகிச்சை பெற்று மீண்டார். அப்போது அவருக்கு வயது 79.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தம் 95-ஆம் வயதில், 2019 அக்டோபர் முற்பகுதியில் வீட்டில் விழுந்து புருவத்துக்கு மேல் 14 தையல்கள் பெற்றார். அன்று மாலையே, ஏழைகளுக்கு வீடு கட்டும் தொண்டுக்காக நாஷ்வில் நகர் சென்று மேடையேறினார். அம்மாதமே மீண்டும் ஒருமுறை விழுந்தார். நவம்பர் 12 அன்று மூளையை அழுத்திய இரத்தத்தை வெளியேற்ற அறுவைச் சிகிச்சை நடந்தது. உரிய வேளையில் நடந்த அச்சிகிச்சைக்குப் பிறகு அவர் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து நூறு வயதையும் கடந்தார்.

தமிழ்நாட்டிலும் அறிந்த நிகழ்வு உண்டு. கோவை ஈஷா யோக மையத்தின் சத்குரு ஜக்கி வாசுதேவ் 2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சில வாரங்கள் கடுந்தலைவலியோடு இருந்தார். மார்ச் 8 அன்று மகாசிவராத்திரி விழாவையும் இரவு முழுவதும் நடத்தினார். அதன்பின் டெல்லியில் எடுத்த ஸ்கேனில் மூளையில் இரத்தக் கசிவு இருப்பது தெரிந்தது. மார்ச் 17 அன்று அறுவைச் சிகிச்சை நடந்து, அம்மாத இறுதியில் நலமுடன் மருத்துவமனையிலிருந்து வெளிவந்தார்.

இம்மூவரின் நிகழ்வுகளும் வெவ்வேறு. ஆயினும் மூன்றிலும் ஒரு செய்தி பொதுவாக உள்ளது. கசிவு வந்த பின்னும் மனிதர் நடமாடலாம், பேசலாம், விழாவும் நடத்தலாம். அந்த நடமாட்டம் நலத்துக்குச் சான்று ஆகாது. கண்டறிந்து சிகிச்சை செய்தால் மீளவும் முடியும். மண்டையோட்டில் சிறு துளையிட்டுத் தேங்கிய இரத்தத்தை வடிப்பது மூளை அறுவை மருத்துவர்கள் வழக்கமாகச் செய்யும் சிகிச்சையே.

அஞ்சி மாத்திரையை நிறுத்தலாமா?

இவற்றைப் படிக்கும் சிலருக்கு, 'இந்த மாத்திரையே வேண்டாம்' என்று தோன்றலாம். மலையேறும் நாளில் மட்டும் ஒரு வேளை தவிர்த்துவிடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. இரண்டுமே தவறு. சீரற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு வார்ஃபரின், பக்கவாத ஆபத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கிறது. வால்வு பொருத்தப்பட்டவர் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் வால்விலேயே இரத்தம் உறைந்து உயிர் போகும் நிலை வரலாம்.

1999-இல் கனடா நாட்டு மருத்துவர்கள் ஒரு கணக்கிட்டனர். துடிப்புச் சீர்கேடுள்ள முதியவர் ஒருவருக்கு வார்ஃபரினால் விளையும் நன்மையைவிடத் தலைக்குள் இரத்தம் கசியும் தீமை மிகுதியாக வேண்டுமானால், அவர் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 295 முறை விழ வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. இக்கணக்கைக் குறைகூறிய மருத்துவர்களும் உண்டு. எனினும், விழுந்துவிடுவோம் என்ற அச்சத்துக்காக மட்டும் மாத்திரையை விடுவது அறிவன்று என்பதை அது உணர்த்துகிறது. மாத்திரையைத் தொடர்வதும், விழாமல் காப்பதும், விழுந்தால் உடனே சொல்வதும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பாதுகாப்பு.

ஏகாதசியும் துவாதசியும்

விரதம் காக்கும் அன்பர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். வார்ஃபரின், அசினோகூமரால் உட்கொள்வோர் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையைக் குறித்த காலத்தில் செய்துகொள்வர். அந்த அளவு பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டும். சில வால்வுகளுக்குச் சற்றே கூடுதலாக மருத்துவர் குறித்துத் தருவார். அளவு ஏறினால் கசியும் ஆபத்து. இறங்கினால் உறையும் ஆபத்து.

இம்மாத்திரைகளுக்கு எதிராக வேலை செய்வது கீரைகளில் நிறைந்துள்ள 'கே' வைட்டமின். ஏகாதசியன்று முழுப் பட்டினி கிடந்தால் அந்த வைட்டமின் குறைந்து ஐ.என்.ஆர். ஏறக்கூடும். துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையை நிறைய உண்டால் அது இறங்கக்கூடும். அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரித்து வந்ததும் இங்கு நினைக்கத்தக்கது. கீரையை அறவே விட வேண்டுவதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்பதே முறை. பாரணைக்கு ஒரு கரண்டிக் கீரை போதும்; பட்டினிக்கு மாற்றாகப் பாலும் பழமும் கொள்ளலாம்.

ரிவராக்சபானில் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை உணவோடு உட்கொண்டால்தான் அவை உடலில் முழுமையாகச் சேரும். வெறும் வயிற்று விரத நாளில் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

மூட்டுவலிக்காக மலையேறுமுன் ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு ஆபத்தைப் பெருக்கும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும், பிறர் சொல்லக் கேட்டு உண்ணும் நாட்டு மருந்தும் மருத்துவர் அறியாமல் கூடா.

ஏறுமுன்னும் இறங்கும்போதும்

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். மலைக் கோயிலில் பெரும்பாலான சறுக்கல்கள் இறங்கும்போதே நேர்கின்றன. ஏறும்போது கவனமும் வேகக்குறைவும் தாமாக அமைகின்றன. இறங்கும்போது தரிசனம் முடிந்த நிறைவும் கால் தளர்ச்சியும் சேர்ந்துவிடுகின்றன. தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடியை அணிவோர் கீழ்நோக்கும்போது படி மங்கலாகத் தெரியும். இறங்குகையில் தலையைச் சற்றே குனிந்து, கண்ணாடியின் மேற்பகுதி வழியாகப் படியைப் பார்ப்பது நன்று. தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது அதனினும் நன்று.

வெயிலுக்கு முன் ஏறி முடிப்பது, தண்ணீர் அருந்துவது, வேட்டியையும் சேலையையும் கால் தடுக்காமல் உயர்த்திக் கட்டுவது, துணையோடு செல்வது ஆகியவை எல்லாரும் அறிந்தவையே. அறியாதவை சில உண்டு. சாஷ்டாங்க நமஸ்காரம் செய்து எழும்போது சட்டென நிமிர்ந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். மண்டியிட்டுச் சற்று அமர்ந்து, தூணையோ துணையையோ பற்றி எழ வேண்டும். அபிஷேக நீரும் தீபத்து எண்ணெயும் படிந்த கருங்கல் தரை கண்ணாடிபோல் வழுக்கும். அங்கே கை பற்றாமல் நடக்கலாகாது. குடைவரைகளிலும் பழைய திருவாயில்களிலும் மேல் நிலை தாழ்ந்திருக்கும். காலைப் பார்த்து நடப்போர் தலையை இடித்துக்கொள்வர். செஞ்சி மலைகளில் குரங்குகள் மிகுதி. பழப்பையைப் பறிக்க வரும் குரங்கோடு போராடி நிலைதடுமாறுவதைவிடப் பையை விட்டுவிடுவதே மேல்.

வேண்டுதல்களிலும் விவேகம் தேவை. ஆடிப்பெருக்கை ஒட்டிக் கரூர் மாவட்டம் மேட்டு மகாதானபுரத்தில் பக்தர்களின் தலையில் தேங்காய் உடைக்கும் வழக்கம் உள்ளது. இம்மாத்திரை உட்கொள்வோர் அத்தகைய நேர்த்திக்கடனைத் தவிர்த்து, வேறு வகையில் செலுத்த வேண்டும். அங்கப்பிரதட்சிணமும் அவர்களுக்கு ஏற்றதன்று. விளையாட்டிலும் இதே நெறிதான்: நடை, மிதமான யோகாசனம் நன்று, மோதலும் விழுதலும் உள்ள ஆட்டங்கள் வேண்டா. மிதிவண்டியிலும் இருசக்கர வண்டியிலும் தலைக்கவசமின்றிச் செல்லலாகாது. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது எல்லாவற்றினும் முதன்மையானது. விழாமலேயே மூளைக்குள் இரத்தம் கசிவதற்கு உயர் இரத்த அழுத்தமே பெருங்காரணம்.

தலையில் அடிபட்டால்

மாத்திரை உட்கொள்ளும் முதியவருக்குத் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிடினும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. அவரிடம் மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: வயது, மாத்திரையின் பெயரும் கடைசியாக உட்கொண்ட வேளையும், தலை எப்போது, எங்கே இடித்தது என்பது. இரத்தக் கசிவு இருப்பின் மாத்திரையின் வேகத்தை முறிக்க மருந்துகள் உள்ளன. மாத்திரையின் பெயர் தெரிந்தால்தான் உரிய முறிவு மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

கடுந்தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், ஒருபக்கக் கைகால் தளர்ச்சி, வலிப்பு, எழுப்ப முடியாத உறக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். செஞ்சியில் அரசு மருத்துவமனை உள்ளது. மேல்சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்திலும் திருவண்ணாமலையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும், புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையும் உள்ளன. வெளியூர்த் தலங்களுக்குச் செல்வோர், அருகில் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை எது என்பதைப் புறப்படுமுன் அறிந்துகொள்வது, தரிசன நேரத்தை அறிந்துகொள்வதுபோல் இன்றியமையாதது.

சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ ஒரு சிறு அட்டை இருக்கட்டும். மாத்திரையின் பெயர், அளவு, எந்த நோய்க்காக, கடைசி ஐ.என்.ஆர்., வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கட்டும். நினைவிழந்தவருக்காக அந்த அட்டை பேசும்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றாலும் ஆறு முதல் எட்டு வாரங்கள் விழிப்போடு இருத்தல் வேண்டும். அதிபர் லூலாவுக்கு நிகழ்ந்ததை நினைத்தால் இது விளங்கும்.

இல்லத்தாருக்கு ஒரு சொல்

தாத்தா சில நாள்களாக மந்தமாக இருக்கிறார்; பாட்டி சொன்னதையே திரும்பச் சொல்கிறார்; நடை தள்ளாடுகிறது; பகலெல்லாம் உறங்குகிறார். இவற்றை 'வயதாகிவிட்டது' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது குடும்பங்களில் இயல்பு. மறதி ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. சில வாரங்களில் வந்த மாற்றம் வேறு. அத்தகைய மாற்றம் கண்டவுடன், 'அண்மையில் எங்காவது விழுந்தீர்களா?' என்று அன்போடு கேட்க வேண்டும்.

கேட்கும் முறையும் முக்கியமானது. விழுந்ததைச் சொன்னதற்குத் தண்டனையாகக் கோயில் வழியை அடைத்தால், அடுத்த முறை விழுந்ததை எவரும் சொல்ல மாட்டார். 'அடுத்த முறை நானும் உடன் வருகிறேன்' என்று பிள்ளைகள் சொல்லும் இல்லத்தில் பெரியவர்கள் எதையும் மறைக்க வேண்டுவதில்லை. மலைக்கு முடியாத நாளில் அடிவாரத்தில் நின்று கைகூப்பினாலும் அவ்வழிபாடு குறைவுபடாது என்பதைப் பெரியவர்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சிங்கவரத்துப் பெருமாள் திருமுகத்தைத் திருப்பியது வெறுப்பினால் அன்று. தம் அன்பனை இழக்க மனமில்லாமையினாலேயே என்று பக்தர்கள் உருகிச் சொல்வர். படியில் வழுக்கிய காலும், சுவரில் இடித்த தலையும், சில வாரங்கள் கழித்து வரும் தலைவலியும் அவ்வாறே அனுப்பப்படும் குறிப்புகள். தேசிங்கு ராஜனுக்கு அக்குறிப்பை எடுத்துச் சொல்லித் தடுப்பார் இல்லை. இன்றைய முதியவருக்கு மகனும் மகளும் மருத்துவரும் அருகில் இருக்கின்றனர். அவர்களிடம் அன்று மாலையே வாய்திறந்து சொல்லிவிட்டால், மறுபடியும் அக்குன்றின் படியேறும் நாள் தடையின்றி வாய்க்கும்.